மெர்வின் பீக்கின் மூன்று நாவல்கள்: படங்களோடு ஒரே தொகுதி

ஆங்கில நாவலாசிரியரும் ஓவியருமான மெர்வின் பீக் (1911–1968) எழுதிய கோர்மென்காஸ்ட் (கதையில் வரும் மாபெரும் கோட்டையின் பெயர்) நாவல்கள் மூன்றையும் அவரே வரைந்த சித்திரங்களோடு சேர்த்து, அவருடைய நூற்றாண்டான 2011-இல் ஒரே தொகுதியாக வெளியிட்டார்கள். பாலக்காட்டுப் புத்தகக் கடை ஒன்றின் வழியாக அதைத் தருவித்து வாசித்தேன். படங்கள் இல்லாத பதிப்புகள் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. ஆனாலும் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். பீக்கின் வாழ்க்கையில் எழுத்தையும் ஓவியத்தையும் தனித்தனியே பிரித்து வைக்க இடமே இல்லை.

1940-இல் இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட அவர், படைமுகாம்களில் இருந்தபடியே முதல் நாவலான ‘டைட்டஸ் க்ரோன்’ எழுதத் தொடங்கினார். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படும் அந்தக் குறிப்பேடுகளில், வரிகளுக்கு அருகிலேயே பாத்திரங்களின் முகங்கள் வரையப்பட்டிருக்கின்றன. நடக்கும்போதெல்லாம் முழங்கால் மூட்டுகள் சொடுக்கும் நெடிய பணியாள் ஃபிளே, உடல் பெருத்த சமையற்காரன் ஸ்வெல்டர், சமையலறையிலிருந்து தப்பி மேலே ஏறும் ஸ்டியர்பைக் ஆகியோரை விவரிக்கும் நீண்ட வாக்கியங்கள் முதல் வாசிப்பில் மூச்சு வாங்க வைக்கும். பக்கத்தில் அந்த உருவத்தையும் பார்க்கிறபோது, கண் ஏற்கெனவே கண்டதைத்தான் சொற்கள் பின்தொடர்கின்றன என்பது விளங்குகிறது. 1946-இல் நூல் வெளிவருவதற்கு முன், பதிப்பகத்தில் இருந்த கிரகாம் கிரீன் கைப்பிரதியைக் கடுமையாக விமர்சித்துத் திருத்தச் சொன்னார். அதன் பிறகும் எஞ்சிய இந்த விரிவு தேவையானதே என்று எனக்குத் தோன்றுகிறது.

பீக் பிறந்தது சீனாவின் மலைவாசத்தலமான கூலிங்கில். தந்தை மிஷன் மருத்துவர். தியான்ஜின் நகரில், சுற்றுச்சுவர் எழுப்பிய மிஷன் வளாகத்துக்குள் ஆங்கிலக் குடும்பமாக வாழ்ந்து, பதினோராம் வயதில்தான் அவர் நிரந்தரமாக இங்கிலாந்துக்குத் திரும்பினார். சுவருக்கு உள்ளே ஒரு மொழி, வெளியே வேறொரு மொழி என்று கழிந்த அந்தப் பிள்ளைப் பருவத்தை, பாலக்காட்டு எல்லையூர்களான கொழிஞ்சாம்பாறையிலோ மீனாட்சிபுரத்திலோ வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வளர்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாவலிலும் மாபெரும் கோட்டையின் மதிலுக்கு வெளியே மண்குடிசைகளில் ஒரு கூட்டம் வாழ்கிறது. ஆண்டு முழுவதும் அவர்கள் செதுக்கும் மரச்சிற்பங்களில் ஒரு சில மட்டும் கோட்டைக்குள் ஏற்கப்பட, மற்றவை அனைத்தும் எரிக்கப்படுகின்றன. ஓவியர் ஒருவரால்தான் இந்தச் சடங்கை இத்தனை வேதனையோடு எழுத முடியும்.

ராயல் அகாதெமியில் அவர் பயின்றது, சார்க் தீவின் கலைஞர் குழுவில் இருந்தது, வெஸ்ட்மின்ஸ்டர் கலைப்பள்ளியில் கற்பித்தது, அங்கே மாணவியாக இருந்த மேவ் கில்மோரை 1937-இல் மணந்தது ஆகியவற்றை வாழ்க்கைக் குறிப்புகளில் எவரும் படித்துக்கொள்ளலாம். நான் நின்று சொல்ல விரும்புவது போர்க்காலத்தின் இரண்டு இடங்களைப் பற்றி. 1943-இல் போர் ஓவியராக ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்குச் சென்ற பீக், ரேடாருக்கான குழாய்களை ஊதி உருவாக்கும் தொழிலாளர்களை வரைந்தார். அவர்களைப் பற்றிக் கவிதையும் எழுதினார். 1945-இல் ஒரு பத்திரிகைக்காக, விடுவிக்கப்பட்ட பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே காசநோயால் இறந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை வரைந்துவிட்டு, அந்த நிலையிலும் அவளை ஓவியப் பொருளாகவே தன் கண் பார்த்ததை எண்ணிக் கூசி ஒரு கவிதை எழுதினார். தன் கலையின் மீதே இப்படிச் சந்தேகம் கொண்ட ஓவியர்கள் அரிது. மூன்றாம் நாவலான ‘டைட்டஸ் அலோன்’ நூலில், முகாமிலிருந்து மீண்டு வந்த கருப்பு ரோஜா என்ற பெண் வரும் பக்கங்களை இந்தப் பின்னணி தெரிந்து படித்தால் மனம் நடுங்குகிறது.

அந்த மூன்றாம் நாவல் முந்தைய இரண்டைவிட ஒல்லியாகவும் துண்டு துண்டாகவும் இருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. 1950-களின் நடுவிலேயே பீக்கின் கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. அன்று பார்க்கின்சன் நோய் என்று கருதப்பட்டதை மூளையில் புரதத் திரள்கள் சேர்வதால் வரும் லூயி பாடி மறதிநோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். 1957-இல் அவருடைய நாடகம் தோல்வியடைந்ததும் உடல்நிலை மேலும் சரிந்தது. 1959-இல் பதிப்பாளர் வெட்டி வெளியிட்ட நாவலை, கைப்பிரதிகளைக் கொண்டு எழுத்தாளர் லாங்டன் ஜோன்ஸ் 1970-இல் சீரமைத்தார். இந்தப் பகுதியைப் படிக்கையில் நம் பாலக்காட்டு ஓ. வி. விஜயனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் நாவலாசிரியர், கார்ட்டூன் ஓவியர். அவருடைய கையையும் பல ஆண்டுகள் பார்க்கின்சன் நோய் வருத்தியது. தஸ்ராக்கில் உள்ள அவருடைய நினைவிடத்துக் கார்ட்டூன்களைப் பார்த்தவர்கள், எழுதும் கையும் வரையும் கையும் ஒன்றாகவே தளர்வது எத்தகைய இழப்பு என்பதை உணர்வார்கள்.

தொகுதி 900 பக்கங்களுக்கு மேல் போவதால் மேசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். சில பென்சில் சித்திரங்களை இன்னும் பெரிதாக அச்சிட்டிருக்கலாம். அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களையும், ‘பழங்கால மாலுமி’ கவிதைக்கும் ‘ஆலிஸ்’ கதைகளுக்கும் அவர் வரைந்த புகழ்பெற்ற படங்களையும் இங்கே தேட வேண்டாம்; அவற்றுக்குத் தனி நூல்கள் உண்டு. வாழ்க்கை வரலாற்றை அறிய விரும்புவோர், மேவ் கில்மோர் 1970-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பையும் சேர்த்து வாங்குவது நல்லது. முதல் நாவலின் தொடக்கத்தில் கதை மெல்லத்தான் நகரும். நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்று, படத்தையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துப் படித்தால் சலிப்புத் தட்டாது. இரண்டாம் நாவல் முடிந்ததும் சில வாரங்கள் இடைவெளி விட்டு மூன்றாவதை எடுக்கலாம். அதன் நடை அவ்வளவு மாறிப்போயிருக்கிறது.