ஒயின் பாட்டிலில் படம்: கையால் வரைவதா, ஸ்க்ரீன் பிரின்ட்டா?

கொடைக்கானல் ஈரத்தில் வீட்டு பிளம் ஒயினைவிட, பாட்டிலில் ஒட்டிய படம்தான் முதலில் கெடும்.

செலவு: கையால் என்றால் தாளும் நேரமும்தான். ஸ்க்ரீன் என்றால் வலைத்துணி வழியே மையை அழுத்தி அச்சிடுவது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு வலைச்சட்டம் வேண்டும். இருபது பாட்டிலுக்குக் கட்டுப்படியாகாது.

ஈரம்: வாட்டர்கலர் ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும். பிக்மென்ட் இங்க்கில் (நீரில் கரையாத நிறத்தூள் மை) வரைந்து அக்ரிலிக் வார்னிஷ் அடித்தால் தாங்கும். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஓவியத்தாள் வளையாமல் ஓரம் கிளம்பும், 100 ஜி.எஸ்.எம். நன்றாகப் படியும். மைதாப் பசை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். ஸ்க்ரீனில், கண்ணாடியில் நேராக அச்சிடும் எபாக்சி இங்க்குக்கு (இறுகும் பிசின் மை) இந்தத் தொல்லை இல்லை. ஆனால் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் உரியும். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடிக்கவும்.

அழகு: கைக்குத்தான் என் ஓட்டு.

கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கக் கை ஓவியம். ஒரே படம் நூற்றுக்கணக்கில் என்றால் ஸ்க்ரீன். ஆண்டை மட்டும் கழுத்துச் சீட்டில் எழுதிக்கொள்ளலாம், வலைச்சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.