லெகோ கட்டையில் காகிதச் சுவர்: இடுக்கில் செருகலாமா, துளையிட்டு மாட்டலாமா?

லெகோ கட்டையின் மேல் துருத்தி நிற்கும் வட்டக் குமிழ்களின் மையத்துக்கு மையம் 8 மி.மீ.; ஒற்றைக் கட்டையின் அகலம் 7.8 மி.மீ. அதாவது, அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு நடுவே 0.2 மி.மீ. இடுக்கு. சாதாரண ஏ4 தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன், அழகாக உள்ளே போகும். குழந்தை வரைந்த கடல் படத்தை உருவிவிட்டு காட்டுப் படத்தைச் செருக நொடிதான் ஆகும். நாடக மேடைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தடித்த அட்டையைத் திணித்தால் கட்டைகள் விலகும், அடித்தட்டு வளையும்.

அசையும் கதவு, தொங்கும் பாலம் என்றால் துளைதான். தாள் வேண்டாம், கிழியும். சார்ட் அட்டை எடுங்கள். விளிம்பில் 10 மி.மீ. அகலக் காதுகள் (வெளியே நீட்டிய சிறு பட்டைகள்) வெட்டி, ஒவ்வொன்றிலும் பஞ்சிங் மெஷினால் ஒரு துளை. துளை 6 மி.மீ., குமிழ் 4.8 மி.மீ., தாராளமாக நுழையும். மேலே ஒரு கட்டையை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

பலரும் தவறுவது இங்கேதான்: அடுத்தடுத்த குமிழ்களுக்குத் துளையிட்டால் நடுவே 2 மி.மீ. அட்டையே மிஞ்சும், முதல் இழுப்பிலேயே அறுந்துவிடும். ஒரு குமிழ் விட்டு ஒரு குமிழ், 16 மி.மீ. இடைவெளியில் போடுங்கள். காது ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மேல்கட்டை சாயும். எதிர்ப்பக்கமும் அதே அட்டைத் துண்டை வையுங்கள்.

இரண்டிலும் பசை வேண்டவே வேண்டாம்.