ஞாபக கேப்சூலும் பால் கணக்கும்

வாங்கியது: 'மெமரி' கேப்சூல், 60 எண்ணம், 1,499 ரூபாய். என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் டப்பாவுக்கு. மூடி இறுக்கமானது, இப்போது ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறோம்.

அம்மாவுக்கு 74. பால் கணக்கை மாதக் காலண்டர் கட்டத்தில் 'அரை', 'முக்கால்' என்று எழுதுவார். தை மாதம் நாலு கட்டம் காலி. அந்த நாலு நாளும் பாலே வரவில்லை என்று பால்காரரோடு ஒரே சண்டை. நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, சமையல், பூஜை எல்லாம் தானே செய்துகொள்வதால் இது டிமென்ஷியா என்கிற மறதி நோய் இல்லை, அதற்கு முந்தைய லேசான மறதி என்றார். மருந்து எதுவும் தரவில்லை, ரத்தப் பரிசோதனை மட்டும் எழுதினார். மருந்து தராத டாக்டர் மேல் எனக்குக் கோபம். சீட்டைக் கைப்பையில் போட்டுவிட்டு இதை ஆர்டர் செய்தேன்.

லேபிளில் ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாறு, வல்லாரை, நீர்ப்பிரமி, வைட்டமின் பி12 ஒரு மைக்ரோகிராம். முன்பக்கம் பெரிய மூளைப் படம், பின்பக்கம் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. அதைப் படித்தது டப்பா பாதி காலியான பிறகு.

காலண்டரில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரம் அம்மாவின் முழங்கையில் ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. டப்பாவைக் காட்டியதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா ஆஸ்பிரின் சாப்பிடறாங்களே, இதை யார் தரச் சொன்னது?" ஜிங்கோவும் ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடுமாம். கன்றியதற்கு அதுதான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் உடனே நிறுத்துங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேருக்கு, பாதிப்பேருக்கு ஜிங்கோ, மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை என்று சராசரியாக ஆறு வருஷம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் 482 பேர் அம்மாவைப் போல லேசான மறதிக்காரர்கள். 2008-ல் வந்த முடிவு: ஜிங்கோ டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை.

கைப்பைச் சீட்டு ஒருவழியாக லேபுக்குப் போனது. தைராய்டு சரி. பி12 மட்டும் 148. குறைந்தது 200 இருக்க வேண்டுமாம். சுத்த சைவம், பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இரண்டுமே பி12-ஐக் குறைக்கும். ஊசி போட்டார்கள், ஒரு ஊசியில் ஆயிரம் மைக்ரோகிராம். கேப்சூலில் இருந்தது ஒன்று!

மூன்று மாதத்தில் அம்மாவுக்கு இருந்த பாத மதமதப்பு போய்விட்டது, மத்தியானச் சோர்வும் குறைந்தது. மறதி முழுக்கப் போகவில்லை. கேட்டதையே இன்னும் கேட்கிறார். பி12 குறையாதவர்களுக்கு ஊசி ஒன்றும் செய்யாது என்பதையும் டாக்டர் சொல்லிவிட்டார்.

வல்லாரையை அம்மா விடவில்லை. கட்டு பதினைந்து ரூபாய், புளி கொஞ்சம் தூக்கலாக வைத்துத் துவையல். மூளைக்கு எப்படியோ, தயிர்சாதத்துக்கு அருமை.

இந்த மாதம் பால்காரர் கணக்கும் அம்மா கணக்கும் ஒரே ஒரு நாள்தான் இடித்தது. அதிலும் அம்மா சொன்னதுதான் சரி.