மோஹர் பாறைகள்: டப்ளினிலிருந்தா, கால்வேயிலிருந்தா?

அயர்லாந்தின் மேற்குக் கரையில் 214 மீட்டர் வரை செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகளை வழிகாட்டியுடன் ஒரே நாளில் பார்க்க இரண்டு வழி உண்டு. டப்ளினில் விடியற்காலையே பஸ் ஏறினால், போக மூன்று மணி நேரத்துக்கு மேல், திரும்பவும் அவ்வளவே. தங்கும் ஊரை மாற்ற வேண்டாம், அது ஒன்றுதான் வசதி.

மேற்குக் கரை நகரமான கால்வேயிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். அதுவும் பர்ரன் சுண்ணாம்புப் பாறைவெளியை ஒட்டிய கடலோரச் சாலையில் போகும் பயணமாகப் பார்த்து எடுங்கள். மே மாதத்தில் பாறை இடுக்குகளில் ஜென்ஷியன் பூக்கள் அப்படியொரு நீலத்தில் பூத்திருக்கும்! சில பயணங்களில் பக்கத்துக் கடலோரக் கிராமமான டூலினிலிருந்து படகில் பாறைகளின் அடிவாரத்துக்கும் போகலாம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் பாறையின் உயரம் உறைக்கும்.

என்னைக் கேட்டால் கால்வேதான். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். மூடுபனி பாறையை மறைத்தால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ள இடமிருக்கும்.