பழவேற்காட்டுத் தண்ணீருக்கு எந்தப் பழைய படகு?

பழவேற்காடு ஏரியில் பாய் விரித்து ஓட்ட ஒரு பழைய படகு தேடினால், கையில் சிக்குபவை மூன்று. ஒன்று, மீனவர்கள் கைமாற்றிவிடும் ஃபைபர் படகு. அதில் பாய்மரம் நட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, சென்னையில் விளையாட்டாகப் பாய்ப்படகு ஓட்டுபவர்கள் விற்றுக் கழிக்கும் பதினாறடி கேட்டமரான்: ஒல்லியான இரண்டு ஃபைபர் பாடிகள், அவற்றை இணைக்கும் அலுமினியச் சட்டம், நடுவில் இழுத்துக் கட்டிய துணி, அவ்வளவுதான். மூன்றாவது நம்ம ஊர்க் கட்டுமரம். நான் வாங்கியது கேட்டமரான். எழுத்து அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும், அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

கட்டுமரத்தை இங்கேயே விட்டுவிடலாம். மரம் தண்ணீர் குடிக்கும், கரையேற்றிக் காயவைக்க வேண்டும், அவிழ்த்துக் கட்டப் பழகிய கை வேண்டும். சிறுவயதிலிருந்து பழகியவர்களுக்கு அதற்கு ஈடு கிடையாது. கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீரில் இறங்குகிறவனுக்குச் சரிவராது.

ஃபைபர் படகின் பலம் ஊருக்கே தெரியும். ஆறேழு பேர் ஏறலாம், நிமிர்ந்து நிற்கலாம், அடிபட்டால் காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை ரெசினும் கண்ணாடியிழை விரிப்பும் வைத்து ஒட்டித் தர ஆள் உண்டு. பாய் வைத்தால்தான் சிக்கல். கரையில் ஏற்றி இறக்கச் செய்த படகு என்பதால் அடிப்பக்கம் தட்டை, கீழே பிடிமானம் இல்லை. காற்று பின்னாலிருந்து வந்தால் நன்றாகப் போகும். எதிர்க்காற்றில் இடமும் வலமுமாக மாறி மாறி ஏற வேண்டும் என்றால் முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் நழுவுவதுதான் அதிகம். நழுவாமல் பிடிக்க, தண்ணீருக்குள் இறங்கும் பக்கப் பலகை ஒன்று செய்து மாட்டலாம். ஆனால் சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்கூடத் தேறாத ஏரியில் அந்தப் பலகை அடிக்கடி சேற்றில் குத்தும்.

இந்தப் பதினாறடி கேட்டமரானில் பரவலாகக் கிடைப்பது ஹோபி 16. கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் என்பவர் கடற்கரை அலையில் நேரே இறக்கி ஏற்றுவதற்காக வடிவமைத்து, 1970 வாக்கில் சந்தைக்கு வந்தது. அதற்குக் கீழ்ப் பலகையே கிடையாது. ஒவ்வொரு பாடியிலும் வெளிப்பக்கம் தட்டை, உள்பக்கம் வளைவு. அந்த வடிவமே பக்கவாட்டில் நழுவ விடாமல் பிடிக்கும். ஒரு முழத்துக்கும் குறைவான தண்ணீரில் மிதக்கும். சுக்கான் தரையில் இடித்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். நம் ஏரிக்கென்றே அளவெடுத்த மாதிரி.

ஆனாலும் எனக்கு முடிவைத் தீர்த்தது எடைதான். முழுப் படகும் சேர்ந்து 145 கிலோ. ஃபைபர் படகு எஞ்சின் இல்லாமலேயே அரை டன்னைத் தொடும். பத்துப் பேர் தோள் கொடுக்கும் குப்பத்தில் அந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல; ஓரிருவராக இறங்குகிறவர்களுக்கு அதுதான் எல்லாம். மாசி, பங்குனி தாண்டினால் அண்ணாமலைச்சேரிப் பக்கம் தண்ணீர் உள்வாங்கி, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு நீண்டுகொண்டே போகும். கனமான படகை அதில் இழுத்து ஏற்ற முடியாது. கழி நட்டுத் தண்ணீரிலேயே கட்டிவைக்க வேண்டும். கட்டிவைத்தால் அடியில் சிப்பியும் கொட்டலசும் பிடிக்கும், மேலே வெயில் உரிக்கும், பார்த்துக்கொள்ள ஒருவருக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும், புயல் எச்சரிக்கை வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டும். பராமரிப்புச் செலவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, படகு சும்மா நிற்கும் நேரத்தின் செலவு.

கேட்டமரானை இரண்டு பேர் முன்முனையைத் தூக்கிப் பிடித்தால் அடிவளைவு சேற்றில் தானே வழுக்கி வரும். சின்ன சக்கர வண்டி சேற்றில் புதையும், அதற்குச் செலவு செய்யாதீர்கள். இன்னும் பெரிய வசதி, சீசன் முடிந்ததும் போல்ட்டைக் கழற்றினால் பாடி இரண்டு, சட்டம், பாய்மரம் என்று பிரிந்துவிடும். சேர்த்து வைத்தால் அகலம் 2.41 மீட்டர், நம் தெருவில் திரும்பாது. பிரித்தால் ஒரு மினி லாரியில் அடங்கிவிடும். ஐப்பசி வாடைக்கு முன்னால் என்னுடையது வீட்டுத் தாழ்வாரத்தில் ஏறிவிடும். வெயில் படாத ஃபைபருக்கும் பாய்த்துணிக்கும் ஆயுள் அதிகம், சும்மா நிற்கும் காலத்துக்குச் செலவும் இல்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை: பாய்மரம் எட்டு மீட்டருக்கு மேல், அலுமினியம். அதை நிமிர்த்துவதற்கு முன் அண்ணாந்து மின்கம்பியைப் பாருங்கள். வெளிநாட்டில் இப்படி உயிர்கள் போன பிறகுதான் நுனிப்பகுதியை மட்டும் மின்சாரம் கடத்தாத ஃபைபரில் செய்ய ஆரம்பித்தார்கள். பழைய படகில் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பாடியின் சுவர் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ஃபோம் வைத்தது. பழசாகும்போது தோல் ஃபோமிலிருந்து விட்டுப்போகும். முன்சட்டம் பாடியில் ஏறும் இடத்திலிருந்து முனை வரை மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். உள்ளே போய் வந்தாலோ நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ விட்டிருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினாலும் தெரியும்: நல்ல இடம் ‘டக்’ என்று பேசும், கெட்ட இடம் ‘தொப்’பென்று அடங்கும். உள்ளங்கை அளவு இருந்தால் பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கலாம். முழ நீளத்துக்கு இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சின்ன இடத்தைச் சரிசெய்ய, வெளித்தோலில் மட்டும் பொடித் துளைகள் போட்டு, நன்றாகக் காய்ந்ததும், மருந்துக்கடை சிரிஞ்சால் மெல்லிய எபாக்சிப் பசையை ஏற்ற வேண்டும். பக்கத்துத் துளையில் பசை எட்டிப்பார்க்கும் வரை ஏற்றி, பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே மணல் மூட்டை வைத்து இறுகவிட வேண்டும். ஃபைபர் படகுக்கு ஊற்றும் சாதாரண ரெசினே போதும் என்று சொல்வார்கள். பழைய ஃபைபரில் அது எபாக்சி அளவுக்குப் பிடிக்காது, இங்கே காசு பார்க்காதீர்கள். ஓட்டை தேட, பாடி முழுக்க சோப்புத் தண்ணீர் தடவி, வடிகால் துளை வழியாக வாயால் ஊதுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். கம்ப்ரஸர் வைத்தால் பாடி பிளந்துவிடும்.

பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் வயரின் வயது தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். அதன் முனையில் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. நடுத்துணியை லாரி தார்ப்பாய் தைப்பவரே தைத்துக் கொடுத்தார். சட்டத்தை இணைக்கும் வார்ப்பு மூட்டுகள்தான் தலைவலி. இங்கே கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து சுங்கவரி கட்டி வரவழைக்க வேண்டும். அவற்றில் கீறல் இருந்தால் படகு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

முதல் முறை இறக்கியபோது கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், “தம்பி, இதுல வலையை எங்க வைப்ப?” என்றார். “வலை இல்லண்ணே, சும்மா ஓட்டத்தான்” என்றேன். “அப்ப சரி. பாடு பக்கம் மட்டும் போயிடாத.” முறைவைத்து வலை கட்டும் இடங்களைச் சொல்கிறார், அதை மதித்தால் ஊரோடு வம்பில்லை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, இரு பக்க மீனவர்களுக்கும் எல்லைத் தகராறு பழையது. வலையும் எஞ்சினும் இல்லாத படகு என்றால் ஆந்திரத்தின் தடா பக்கத்துக்காரர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பூநாரைகள் இறங்கும் இடம் சரணாலயம். வனத்துறையிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் வீட்டிலேயே இருங்கள். இன்னொன்று, காசு வாங்கி ஆள் ஏற்றும் யோசனை எந்தப் படகிலும் வேண்டாம்: 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு சுற்றுலாச் சவாரிக்குத் தடை வந்தது.

ஃபைபர் படகை எடுக்க வேண்டியவர்களும் உண்டு. குடும்பத்தோடு போக வேண்டும், நனையக் கூடாது, மதியச் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் அதுதான். கேட்டமரானில் மூன்று பேருக்கு மேல் ஏறினால் நெரிசல், எல்லோரும் இடுப்பு வரை நனைவார்கள். மறுவிற்பனையிலும் ஃபைபர் படகுதான் ஜெயிக்கும், குப்பத்தில் சொல்லிவைத்தால் வாரத்துக்குள் ஆள் வந்துவிடும். கேட்டமரானுக்கு ஆள் சென்னையில்தான் தேட வேண்டியிருக்கும். நான் இன்னும் விற்றதில்லை, என்ன விலை போகும் என்று என்னால் சொல்ல முடியாது. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கும் கொண்டுபோனதில்லை. பிற்பகல் கடற்காற்றில் ஏரிக்குள் எப்படி ஓடும் என்று கேட்டால் மட்டும் தயங்காமல் சொல்வேன். எஞ்சின் போட்ட படகுகளோடு கூடவே வருகிறது.