சிங்க் பைப்பிலேயே வாஷிங் மெஷினைக் கொடுக்கலாமா?

புது ஃப்ளாட் வாங்கியிருக்கும் தோழி கேட்டாள்: "யுட்டிலிட்டி ரொம்பச் சின்னது. மெஷினைக் கிச்சன்ல வச்சு, சிங்க் வேஸ்ட் பைப்லயே கொடுத்துடலாமா?" போன வாரம்தான் எங்கள் வீட்டில் அதே பைப்பைப் பிரித்து மாற்றினார்கள். அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

மெஷினைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஃப்ரண்ட் லோட், சமையல் மேடைக்கு அடியில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அழுக்கு நன்றாகப் போகிறது, சத்தம் குறைவு, பம்ப் ஒருமுறைகூடப் படுத்ததில்லை. என் சண்டையெல்லாம் அதற்குப் பின்னால் போகும் பைப்போடுதான்.

முதலில் வந்த பிளம்பர், "ஒரு டீ போட்டாப் போதும்க்கா" என்று T வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, சிங்க்குக்குக் கீழே இருந்த நெளிநெளியான வெள்ளைப் பைப்பில் மெஷின் ஹோஸைச் சேர்த்துவிட்டுப் போனார். அந்த 32 மி.மீ. பைப், பாத்திரம் கழுவிய தண்ணீர் தானாக இறங்குவதற்குத்தான் லாயக்கு. மெஷினோ பம்ப் வைத்துத் தள்ளுகிறது. கீழே வழி குறுகினால் தண்ணீர் மேலே வரும். மேலே இருப்பது சிங்க். ஆய்ந்து கழுவி வைத்த அரைக்கீரையில் சோப்பு நுரை பொங்கி ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த எரிச்சல் புரியும்.

பிரித்துப் பார்த்தால், பைப்பின் ஒவ்வொரு மடிப்பிலும் பழைய கம்பளித் துண்டு மாதிரி சாம்பல் நிறப் படிவு. துணியிலிருந்து உதிர்ந்த நூல்தூசி, அதைப் பிடித்து வைத்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு, நடுநடுவே கடுகு, கறிவேப்பிலை ஈர்க்கு. மெஷினின் முன்பக்க ஃபில்டர் காசு, பட்டன், ஹேர்பின்னைப் பிடிக்கும். நூல்தூசி தாராளமாகத் தாண்டிவிடும். சிங்க் லைனில் அதுவும் சமையல் எண்ணெயும் சந்தித்துக்கொள்கின்றன. பெட்ஷீட்டை 60 டிகிரியில் போட்டால், சுடுதண்ணீருக்கு அந்த நெளிப் பைப் இளகித் தொய்கிறது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, அங்கே இன்னும் படிகிறது.

அப்புறம் வாடை. தண்ணீர் பைப் நிறைய ஓடும்போது சிங்க்குக்கு அடியில் இருக்கும் பாட்டில் மாதிரியான ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் உறிஞ்சி இழுத்துப் போய்விடும். 'களக் களக்' என்று சிங்க்கில் சத்தம் கேட்டால் அதுதான். அந்தத் தண்ணீர் நிற்கும் வரைதான் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறாது.

இந்த முறை வந்தவர் விஷயம் தெரிந்தவர். மெஷினுக்கென்று தனியாக 40 மி.மீ. வழவழப்பான பிவிசி பைப்பைத் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் நிமிர்த்தி, அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவான பி ட்ராப் வைத்து, ஹோஸின் வளைந்த முனையை அதற்குள் சும்மா மாட்டிவிட்டார். டேப் சுற்ற வேண்டாமா என்றேன். "காத்து போகணும்க்கா. அடைச்சா, பிடிக்கிற தண்ணி பூரா தானா இழுத்துட்டுப் போயிடும்." ஹோஸ் முனை தாழ்வாக இருந்தாலும் இதே கதைதானாம்: ஒரு பக்கம் தண்ணீர் ஏற, மறுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், மெஷின் நிரம்பவே நிரம்பாது. (பம்ப் இல்லாத டாப் லோடுக்கு இது ஆகாது. அதில் ஹோஸைத் தூக்கினால் தண்ணீர் வெளியேறாது.)

பைப் தரைக்குள் இறங்கும் ஓட்டையைச் சுற்றி ரப்பர் வளையம் வைத்து அடைத்தும் கொடுத்தார். எதிர்பார்க்காத லாபம் அதுதான். மருந்து அடித்தும் அசையாத கரப்பான்பூச்சிகளை, இப்போது ராத்திரி லைட் போட்டால் காணோம்!

ஆக, ஒழுகல் இல்லை, நுரை இல்லை, வாடை இல்லை. நியாயமாகப் பார்த்தால் இந்தப் புது ஏற்பாட்டுக்கு 5-க்கு 4 மார்க் கொடுக்க வேண்டும். ஆனால் சிங்க் அடி அலமாரியில் பாதி இடத்தைப் புதுப் பைப் எடுத்துக்கொண்டது. எண்ணெய் டின் ஹாலில் உட்கார்ந்திருக்கிறது. பழைய ஒழுகலில் பிளைவுட் ஊறி உப்பி, கதவு சாத்த மாட்டேன் என்கிறது. கார்பெண்டர் தினமும் "நாளைக்கு வரேன்" என்கிறார். அதனால் இன்றைக்கு 2 தான்.

தோழிக்குச் சொன்னது இவ்வளவுதான்: பால்கனியில் ஒரு மூலையாவது பிடி. இல்லையென்றால், பில்டர் டைல்ஸ் ஒட்டுவதற்குள் மெஷினுக்குத் தனி வேஸ்ட் லைன் கேட்டு வாங்கு. இரண்டுக்கும் வழியில்லையா, துணியைக் கையால் துவை.