கோத்தகிரி சர்ரியலிசப் பட்டறை: மரப்பட்டைக்காகப் போகலாம், கனவுப் பலனுக்காக வேண்டாம்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடொன்றில் நடக்கும் ஒருநாள் ஓவியப் பட்டறை. கனவையும் ஆழ்மனத்தையும் கலைக்குள் கொண்டுவந்த இயக்கம்தான் சர்ரியலிசம். அந்த இயக்கத்தைத் தொடங்கிவைத்த கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் 1924 அறிக்கை, அதன் பின்னணியில் உளப்பகுப்பாய்வின் தந்தை ஃப்ராய்ட் என்று தொடக்க உரை சுருக்கமாக, பிழையில்லாமல் இருக்கிறது.

கொடுக்கிற காசு செரிப்பது ஃப்ரோட்டாஜ் பகுதியில்தான். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் கடலோர விடுதி ஒன்றின் தேய்ந்த பலகைத் தரைமேல் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்த உத்தி இது. இங்கே பலகைக்குப் பதில் சில்வர் ஓக் பட்டை. நல்ல தேர்வு: வெடிப்பு ஆழமாக, நெருக்கமாக இருக்கும். தைல மரம் உரிந்து வழவழப்பாகிவிடுவதால் ஒன்றும் விழாது. ஆனால் தருவது 200 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது தடித்த வரைதாள். அதில் பாதி ரேகை காணாமல் போகிறது. 60, 70 ஜிஎஸ்எம் மெல்லிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள். 6பி பென்சிலைப் படுக்கவைத்து, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். ஈரப் பட்டையில் மாஸ்கிங் டேப் ஒட்டாது. மரத்தைச் சுற்றிச் சணலால் கட்டுவதே வழி. மூடுபனி இறங்கித் தாள் நமுத்துவிட்டால் பென்சில் கிழிக்கும், மெழுகு கிரேயான்தான் கைகொடுக்கும்.

யோசிக்காமல் கையை அதன் போக்கில் ஓடவிடும், ஓவியர் ஆந்த்ரே மாசோன் பாணித் தானியங்கி வரைதலில்தான் சறுக்கல். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். நம்மூர்க் கை முதலில் போவது சிக்குக் கோலத்துக்கு. அந்த வளைவுகள் பழக்கம், ஆழ்மனம் இல்லை. பேனாவை எடுக்காமல் தாளுக்கு மூன்று நிமிடம், முதல் நான்கைந்து தாள் கழிவு என்று வைத்தால்தான் பழக்கம் களைத்துப்போய் வேறு ஏதாவது எட்டிப்பார்க்கும்.

வண்ணம் பூசிய பரப்பில் தாளை அழுத்தி உரித்தெடுக்கும் டெகால்கோமேனியாவுக்குக் கண்ணாடித் தகடு தருகிறார்கள். குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். நீர்த்தால் வழியும், கெட்டியானால் அப்பிக்கொள்ளும். தாளை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் பாசியும் பவளமும்போலக் கிளை பிரியும். மாலைக்குள் காயாது. அடுக்கிக் கட்டித் தருவதை வாங்காதீர்கள், வீடு சேர்வதற்குள் எல்லாம் ஒரே அட்டை.

தாளை மடித்து ஆளுக்கொரு பகுதி வரையும் ஆட்டம் கலகலப்பு. கோடு மடிப்பைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் நீளட்டும், இல்லையென்றால் தலையும் உடலும் ஒட்டாது.

பெரிய குறை கடைசி ஒரு மணி நேரம். பாம்பு தெரிந்தால் இது, தண்ணீர் தெரிந்தால் அது என்று பஞ்சாங்கக் கனவுப் பலன்போல வாசிக்கிறார் நடத்துநர். ஃப்ராய்டே கனவு கண்டவரிடம் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன நினைவு வருகிறது என்று கேட்டுத்தான் நகர்ந்தார். எர்ன்ஸ்டோ தேய்த்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்து, அதிலிருந்து காட்டையும் பறவையையும் வெளியே எடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தை மரத்தடிக்கே கொடுத்திருக்கலாம்.

பிப்ரவரி, மார்ச் தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டை காயவே காயாது. வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் மறக்க வேண்டாம்.